எரித்த பேய் திரும்பி வந்தது

1986 ஐப்பசி, ஞாயிறு

உலகில் ஒருவரும் நம்ப மாட்டாத கதை இது என்று சத்தியம் செய்து எழுதுகிறேன்.

போன வருடம், கொலுசுப் பேயைக் கடைசியில் எரித்துவிடும் படத்தைப் பார்த்த பிறகு, அக்கா மகள் செல்வி தனியாகக் கொல்லைப்பக்கம் போக மறுத்தாள். "எரிச்ச பேய் திரும்பாது, ஆத்தா. கொலுசுச் சத்தம் கேக்காம எந்தப் பேயும் வராது" என்று நான்தான் சட்டம் சொல்லித் தேற்றினேன். நம்பிப் போனாள்.

இன்று சின்னமனூர் டூரிங் டாக்கீஸில் இரண்டாம் பாகம். சாம்பலான அதே பேய், கொலுசும் இல்லாமல், காரணமும் சொல்லாமல், பட்டப்பகலில் வந்து நின்றது. கொட்டகையில் எழுந்த ஓர் அலறலில் கம்பமெட்டு யானைகள் எல்லை தாண்டி ஓடி, இப்போது மலையாளத்தில் பிளிறிக்கொண்டிருக்கின்றன.

"வராதுன்னு சொன்னீக, மாமா?"

"இது அதோட தங்கச்சி, ஆத்தா."

"தீக்காயம்கூட அப்படியே இருக்கே!"

செத்தது திரும்பி வருமென்றால் முதல் பாகத்துக்கு எதற்கு முடிவு? ஒன்றும் விளங்கவில்லை. கொலுசில்லாத பேய் கொல்லையில் நின்றால் எப்படித் தெரியும் என்று செல்வி கேட்கிறாள். இனி எந்தச் சட்டத்தைச் சொல்லி அவளை அனுப்புவது?

யானைகள் ஓடியது பொய். அந்த அலறல் மட்டும் நிஜம். அலறியது செல்வி இல்லை.