எபிக்குச் சொல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு

தம்பி எபிக்கு என் ஸ்டெம் செல்லை எடுக்கப் போவதில்லை. அவன் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. என்னுடையதும் பொருந்துகிறது, அண்ணனுடையதும் பொருந்துகிறது. ஆனால் இன்று காலை வேலூரில் டாக்டர் அண்ணனைத்தான் தேர்ந்தெடுத்தார். "நீங்க ரெண்டு பிள்ளை பெத்தவங்க, உங்க செல்லு தம்பி உடம்போட ஒத்துப்போகாம சண்டை போட வாய்ப்பு அதிகம். அவருக்கு ரத்த குரூப்பும் ஒண்ணு. அவரோடது நல்லா பிடிக்கும்மா" என்றார்.

அண்ணனும் எபியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. டெஸ்டுக்கு அண்ணன் ரத்தம் கொடுத்ததே எபிக்குத் தெரியாது.

மதியம் ஆம்பூர் போய், ஷூ கம்பெனி கேட்டில் அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "எப்ப வரணும், சொல்லு, வர்றேன். ஆனா நீ குடுக்கறதா அவன்கிட்ட சொல்லிடு. என்னோடதுன்னா வேணான்னுடுவான்."

மாலை வார்டுக்குத் திரும்பியதும் எபி, "இன்னாக்கா சொன்னாங்க?" என்றான்.

"என்னோடது பொருந்துதாம்டா" என்றேன். அதில் பொய் இல்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அங்கே நிற்க முடியாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நாளை அவன் கையெழுத்துப் போடும் தாளில் கொடுப்பவர் பெயர் இருக்கும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டான். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

முதல் பஸ்ஸில் போய் நானே சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும். ஊசி எங்கே போடுவார்கள், வலிக்குமா என்றுகூட அண்ணன் கேட்கவில்லை. எபியிடம் அதை முதலில் சொல்ல வேண்டும்.