ஸ்பாம் பெட்டியில் உன் தங்கை

நைட் டூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு, மூடி வைத்திருக்கிறேன். பிறகு இதைப் படி.

உன் மெயிலுக்கு ஸ்பாம் வடிகட்டி வைத்தபோது, "என் தங்கச்சி மெயிலையும் அதுல தள்ளிடுங்க, அவ சங்காத்தமே வேணாம்" என்றாய். தள்ளிவிட்டேன். நானாவது மறுத்திருக்க வேண்டும்.

இன்று அந்தப் பெட்டியைத் திறந்தேன். முப்பது நாள் கடந்தவை தானாகவே அழிந்துவிட்டன. மிச்சம் ஒன்பது. முதலில் உன்னைத் திட்டுகிறாள், பிறகு கெஞ்சுகிறாள். கடைசி மெயில் வியாழக்கிழமை வந்தது: "அக்கா, இவரு என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போறாரு. அத்தானைக் கூட்டிட்டு வா." நாலு நாளாக எதுவும் இல்லை.

அவள் வீட்டுக்குப் போகிறேன். மதியத்துக்குள் நான் கூப்பிடாவிட்டால் போலீசுக்குச் சொல்.

பின்குறிப்பு: இப்போதுதான் அவள் புருஷனுக்குப் போன் போட்டேன். "என்னண்ணே, அவ வியாழக்கிழமையே உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டாளே" என்கிறான்.