பச்சை நோட்டு, ஊதா விரல்

ஜூன் 3, செவ்வாய்

பாலக்கரை வீட்டில் இன்று மூன்று வாளி குளித்தேன். வீடு என்றால் சொந்த வீடு இல்லை, ஆன்சி அக்கா நடத்துகிற பகல் வீடு. பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற எங்களைப் போன்ற பெண்கள் வந்து குளிக்கலாம், போன் சார்ஜ் போடலாம், காயத்துக்கு மருந்து கட்டலாம், ஆணுறை எடுத்துக்கொள்ளலாம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குப் பத்தொன்பது, ஜோதிக்கு இருபது. இருவருக்கும் விலாசம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட். சத்திரம் என்று பேர் வைத்தவர்கள் ஒரு பாயாவது போட்டிருக்கலாம்.

வாசல் ஆணியில் ஒரு பச்சை நோட்டு தொங்கும். படுக்க இடம் தருகிறேன் என்று வண்டியில் ஏற்றிப்போய் உடம்பைக் கேட்கிறவர்கள் உண்டு. அதில் அடிக்கிறவன், பூட்டிவைக்கிறவன் வண்டியை நோட்டில் எழுதிவைப்போம். போகாதே என்று அக்கா சொல்வதில்லை. "போறதுன்னா நோட்டப் பாத்துட்டு, எங்கிட்ட சொல்லிட்டுப் போ" என்பார்.

நான் எழுதியது: 'நீல ஸ்கூட்டர். பார்க்க சாது. இடுப்பில் குத்துவான்.'

செவ்வாய்தோறும் வரும் டாக்டர் பிராங்க்ளின் தன் ஸ்கூட்டரைப் பற்றிப் படித்துவிட்டு ஊசியோடு நின்றார். "மெதுவாத்தானம்மா குத்துறேன்." ஜோதி சிரித்து டீயைத் துப்பினாள்.

ஜூன் 5, வியாழன்

நோட்டில் இன்னும் நாலு கூத்து சேர்த்தேன். அக்காவின் சைக்கிளும் மாட்டியது. இங்கே வருகிற ஹாஜிராவுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல அவளுக்கு நடந்ததையும் நானே எழுதினேன்: வெள்ளை கார், பின்கண்ணாடியில் மயில் ஸ்டிக்கர், ஏறியதும் கதவைப் பூட்டுவான்.

ஜூன் 9, திங்கள்

காலையில் போன ஜோதி சாப்பாட்டுக்கு வரவில்லை. அவள் அப்பளத்தை நானே தின்றேன். டீக்கும் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வந்துவிட்டாள். இடது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருக்கிறது. நேற்று அந்த மயில் கார். திருவானைக்காவல் நெரிசலில் கார் நின்றபோது கண்ணாடியை அடி அடியென்று அடித்திருக்கிறாள். ஒரு பஸ் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இறங்கிவந்து காரை மறித்தாராம்.

"நோட்டப் பாக்கலையாடி?"

"பாத்தேன். உன் கையெழுத்து. ஊசி மாதிரி இதுவும் விளையாட்டுன்னு சிரிச்சுக்கிட்டே ஏறினேன்."

சிரிச்சுக்கிட்டே. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? டாக்டர் கட்டுப் போட்டார், என்னைப் பார்க்கவே இல்லை. யாராவது திட்டுங்களேன் —

ஜூன் 11, புதன்

நோட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். "கிழிச்சா மயில்காரன்தான் சந்தோஷப்படுவான்" என்றார் அக்கா. யோசனை ஜோதியுடையது. சொன்னவள் ஊதா மையில் பெருவிரல் வைத்தால்தான் நிஜம். என் கூத்துக்குக் கடைசிப் பக்கம் தனியாக.

முதல் ரேகை ஹாஜிரா. "இப்பத்தான் நானே எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூன் 14, சனி

அக்கா நோட்டைப் புரட்டினார். "எல்லார் விரலும் இருக்கு. உன்னது மட்டும் காணோமே?"

"எனக்கு ஒண்ணும் நடக்கலக்கா. என் வாய்க்குப் பயந்து பாதி வழியிலயே இறக்கி விட்டுடுவாங்க."

சிரித்தார். நானும்.

சிரித்தேனா?

ஜூன் 17, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. இருக்கிறது. இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜோதி செருப்பை மாட்டிவிட்டாள். சமயபுரம் ரோட்டில் அறை இருக்கிறது என்று ஒருவன் சொன்னானாம். நல்ல மாதிரியாம். சாம்பல் நிறக் கார், முன்னால் பிள்ளையார். போகிற போக்கில் நோட்டைப் புரட்டியவள் நின்றாள்.

"சாம்பல் கார், பிள்ளையார், தண்ணில என்னமோ கலந்து குடுப்பான், குடிக்காத. உன் கையெழுத்துல்ல? விளையாட்டா?"

"கீழ பாரு."

"யாரு ரேகைடி இது?"

டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். காலையில் வைத்தது, சோப்புக்கும் போகவில்லை.

அவள் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயும் ஊதா ரேகை இருக்கு. குடிக்கலாமா, கூடாதா?"

"ரொம்ப ஆபத்து. நான் போட்டது."

முழுசாகக் குடித்தாள்.