மாப்பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்

அன்பு மகளுக்கு,

நீயும் மருமகனும் சுகமென்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. இரத்த அழுத்த மாத்திரையை மறப்பதில்லை.

பண்ணையில் இவ்வாண்டு இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிகிடாக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். பதிவேடு என் பொறுப்பு. பால் கூடலாம், வளர்ச்சி கூடலாம். குட்டியின் பிறப்பு எடை மட்டும் மூன்று கிலோவிலேயே நிற்க வேண்டும். கூடினால் தாயாடு ஈன முடியாமல் சாகும். நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாவுக்கு இங்கே 'மாப்பிள்ளை' என்று பெயர். பாலிலும் வளர்ச்சியிலும் அதன் வாரிசுகளுக்கே முதலிடம். ஆனால் அவை பிறக்கும்போதே மூன்றேகால் கிலோ.

"கால் கிலோதானேம்மா, கண்டும் காணாம விடுங்க," என்றார் முதலாளி.

"விடலாம். முக்கி முனகப் போறது நீங்க இல்லையே."

"நீங்க படிச்ச கான்வென்ட்டுல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?" என்று சிரித்தார்.

பெயரை அடித்தேன். தேர்வாகாத கிடாவுக்கு இங்கே தீவனமில்லை. செவ்வாய்க்கிழமை கறிக்கடை வண்டி வந்தது. யார் இழுத்தும் ஏறாதது, நான் கூப்பிட்டதும் ஏறிக்கொண்டது. அழுகை வருமென்று சற்று நின்றேன். வரவில்லை. கையைக் கழுவிவிட்டு, பதிவேட்டின் அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டேன்.

உன் அப்பா போன அன்றும் இப்படித்தான் நின்றேன். "உங்களுக்கு மனசே இல்லம்மா," என்றாய். கோபமில்லை, நினைவு வந்தது, அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறும் இரண்டு நீலப் பேனாக்களும் அனுப்பு. பொட்டலத்தில் உன் கையால் நாலு வரி எழுதி வை. முன்பு போல் பிழை திருத்த மாட்டேன்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

அம்மா