எண்ணாமல் விட்ட கை

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து தூறல். மகள் மதுவின் யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரி போட்டே ஈரத்தை எடுத்தேன். அவளுக்கு மூச்சிரைப்பு நேற்றைவிடக் குறைவு. இன்ஹேலர் தீரப்போகிறது, வாங்க வேண்டும். கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு மேலே லைட் இன்னும் மாற்றவில்லை. இருட்டில் பனியனில் ஓட்டை எப்படித் தெரியும்?

சாயங்காலம் வாக்காளர் படிவம் கொடுக்கிற டீச்சர் வந்தார். என் வீட்டுக்காரர் செந்தில் பெயருக்கு ஒன்று.

"உங்க பேருக்கு வரலீங்களே. வேற ஊர்ல இருக்குதுங்களா?"

"எந்த ஊர்லயும் இல்லீங்க."

டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மாடி ரூம் முன்னாவுக்கும் படிவம் வந்திருக்கிறது. பீகாரிலிருந்து வந்து நாலு வருஷம், ஓட்டுரிமையை இங்கே மாற்றிக்கொண்டான். படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தான். நிரப்பிக் கொடுத்தேன். எரிச்சல். அவன்மேல் இல்லை. சரி, அவன்மேலும் கொஞ்சம்.

நான் இந்த மாநிலத்தில் பிறந்தவள். அகதி முகாமில். இலங்கையைப் பள்ளிக்கூடத்து வரைபடத்தில் பார்த்ததோடு சரி. குடியுரிமைக்கு மனுப் போட்டோம், படகில் வந்தவர்களின் பிள்ளை என்று திரும்பி வந்தது. படகில் வந்தது அம்மாவும் அப்பாவும். நான் அப்போது இல்லவே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்றுதான் தெரிந்தது. எங்கள் பின்சுவரை ஒட்டிய காலி இடத்தில் துணிக்கு ஸ்டீம் போடுகிற யூனிட் வருகிறதாம். விறகு பாய்லர். புகைக்குழாய் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே. போடுவது செந்தில் வேலை செய்கிற கம்பெனியின் ஓனர். லைசென்சுக்குத் தெருச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டுமாம். ஞாயிறு பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம்.

பெரிய வீதியில் இதே பாய்லர் ஒன்று ஓடுகிறது. கொடியில் போட்ட வெள்ளைத் துணி மதியத்துக்குள் கரி. புகை ஆகாது, தூசி ஆகாது என்று டாக்டர் மதுவின் சீட்டிலேயே எழுதியிருக்கிறார்.

செந்திலுக்கு இது முன்பே தெரியும். கேட்டால், "உன்கிட்டச் சொன்னா நீ தூங்க மாட்டேன்னுதான்" என்கிறார். இப்போது மட்டும் தூங்கவா போகிறேன்.

நவம்பர் 15, சனி

ஷிப்ட் முடிந்து வீடு வீடாகப் போனேன். மது படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மீதிப் பேருக்கு அந்த யூனிட்டில் பிள்ளைக்கு வேலை, மாமனுக்கு லோடு வண்டி. மூன்று வீட்டில் காபி குடித்தேன். வயிறு எரிகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். அரிசி ஊறப்போட்டது. இன்ஹேலர் வாங்கியாயிற்று.

கூட்டம். சங்கத் தலைவர் சுப்பிரமணி, எண்ணெய்க் கடைக்காரர். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பேசுவார். எடுத்த எடுப்பில், "இந்தத் தடவ ஓட்டு இருக்கறவங்க மட்டும் கை தூக்கோணுமுங்க. லெட்டரு ஆபீசுக்குப் போறதுங்க. நாளைக்கு ஒரு கேள்வி வந்துரக் கூடாதில்லீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காத கண்ணு. நீ நம்மூட்டுப் புள்ளதான்."

"போன வருசம் சாக்கடைக்கு என் கையை எண்ணுனீங்களேங்க."

"அது சாக்கடை கண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இந்தத் தெருவின் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, அத்தனை மனுவும் என் கையால் எழுதியது. எழுதும்போது அது இந்த ஊர்க் கை. தூக்கும்போது அகதிக் கை.

முன்னா வேண்டாம் பக்கம் கை தூக்கினான். அவனும் அதே ஓனரிடம்தான் வேலை. மாடியில் அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவனை என்ன நினைத்தேன் வியாழக்கிழமை.

வேண்டும் ஏழு. வேண்டாம் ஏழு.

செந்தில் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. வலது கை சட்டைப்பையில், போனைப் பிடித்தபடி. நான் அவரையே பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. "சமமா வந்தாத் தலைவரு சொல்றதுதானுங்க. தொழிலு வளரட்டுமுங்க" என்று சுப்பிரமணி முடித்தார். பொங்கல் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

வீட்டில்:

"அவிங்க பக்கமும் நான் தூக்கலீல்ல."

"மதுவுக்காகத் தூக்கியிருக்கலாமில்ல?"

"நாளைக்கு வேல?"

முன்னாவுக்கு வேலை இல்லையா.

நவம்பர் 17, திங்கள்

இன்று 'அவர்' என்று எழுத வரவில்லை. அவன் சாப்பிட்டான். அவன் போனான். டிபன் பாக்ஸில் தயிர் சாதம், ஊறுகாய் வைக்கவில்லை.

எனக்கு இல்லாததற்கு அழுது அழுது பழகிவிட்டது. இருக்கிறவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

டேபிளில் இன்று பீஸ் பீஸாகத் தள்ளினேன். ஒன்றில் ஓட்டை இல்லை, கறை இல்லை, தையல் சுத்தம். லேபிள் மட்டும் இல்லை. ரிஜெக்ட் கூடையில் போடச் சொன்னார் சூப்பர்வைசர். போடாமல் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

முகாமிலிருந்து அம்மா போன். சொன்னேன்.

"வாய் காட்டாத, பிள்ளை. எங்களுக்கெண்டு அங்க ஆர் இருக்கினம்?"

"இது என் வீடும்மா."

"வீடு அவையளின்ட, பிள்ளை."

கட் பண்ணிவிட்டேன். பாவம் அம்மா. திரும்பக் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 19, புதன்

தலைவர் வந்தார், கையில் வெள்ளைத் தாளோடு. வெட்கம் என்பது துளிகூட இல்லை. சம்மதக் கடிதத்தை நான் எழுதித் தர வேண்டுமாம்.

"நீ எழுதுனா ஆபீசுல திருப்பியனுப்ப மாட்டாங்க கண்ணு. உன்ற எழுத்துக்கு அப்படியொரு ராசி."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. ஆனால் கத்தவில்லை. அவர் பேச்சையே எடுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் முகாம் ஆளுங்க. உங்க ஊர் விசயத்துல நான் எழுதுனா நாளைக்கு ஒரு கேள்வி வந்துரக் கூடாதில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று செருப்பைத் தேடினார். அது காலடியிலேயே இருந்தது. நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. பிறகு மது இருமினாள்.

நவம்பர் 22, சனி

கடிதத்தை வேறு யாரோ எழுதிவிட்டார்கள். செங்கல் வந்து இறங்கிவிட்டது.

முன்னா சொன்னான், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாமாம். "ஓட்டு நஹி பூச்தே அக்கா. ஆதார் போதும்." ஓட்டு இருக்கிறதா என்று கேட்க மாட்டார்களாம். ஆதார் என்னிடம் இருக்கிறது. முகாம் முகவரியில். இது எனக்குத் தோன்றவில்லை பார். தெருவுக்கு இத்தனை மனு எழுதினேன், என் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மனு எழுதினேன். டாக்டர் சீட்டு நகல், ஜன்னல் போட்டோ, ஆதார் நகல்.

முகவரி எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. எனக்குப் பதிவு முகாமில். மாதச் சோதனைக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன். கல்யாணமானவள் என்று அதிகாரி கண்டும் காணாமல் விடுகிறார். இந்தத் தெருவை எழுதினால் இங்கே இருக்கிறேன் என்று நானே எழுத்தில் கொடுத்த மாதிரி. சுப்பிரமணியோ ஓனரோ அதைத் தூக்கிக்கொண்டு போனால், திரும்ப முகாமுக்குத்தான். மது இங்கே, நான் அங்கே.

செந்தில் படித்தார். "இத நீ குடுத்தா உன்னயக் கெளறுவாங்க."

"அப்ப உங்க பேர்ல குடுங்க. உங்களக் கெளற மாட்டாங்க."

தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இன்னொரு பிரதி எழுதினேன், அவர் பெயரில், இதே வார்த்தைகள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, அவர் டிபன் பாக்ஸுக்குக் கீழே பேனாவோடு வைத்தேன்.

என்னுடையதில் இந்தத் தெருவை எழுதினேன். கதவு எண், தெருப் பெயர், நல்லூர். அடித்தல் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

மழை இல்லை. கம்பெனிக்கு லீவு சொல்லியாயிற்று. மதுவைப் பள்ளியில் விட்டு வந்தேன். இன்ஹேலர் அவள் பையில்.

டிபன் பாக்ஸ் போய்விட்டது. தாள் அப்படியே. கையெழுத்து இல்லை. அதன்மேல் வண்டிச் சாவி. எனக்காக வண்டியை விட்டுவிட்டு அவர் பஸ்ஸில் போயிருக்கிறார்.

என் பெயரில் எழுதிய மனுவை மட்டும் பையில் வைத்தேன். நான் கேட்டது இதை இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. சாவி அங்கேயே கிடக்கட்டும்.