நாற்பதாவது குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். எனக்கு முழங்கால் வலி குறையவில்லை, கோபமும்தான்.

உன் கடிதம் கிடைத்தது. "அக்கா, அவ கை சுத்தமில்லாமதான் தப்பு நடந்துச்சுன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லு. விசாரணையை நான் முடிச்சுடறேன்" என்று கேட்டிருக்கிறாய். என் மகள் அதைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். "நீ குழாய் கழுவத்தான் லாயக்கு" என்று உன் ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பினாயே, எட்டு மாதமாக வேறொரு மருத்துவமனையில் குழாய்தான் கழுவுகிறாள்.

காய்ச்சல்காரர் பதினோரு பேருக்கு நோய் இல்லை என்று உன் ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. அதில் ஒருவர் பஸ் டிரைவர். இறந்துபோனார்.

முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவள் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். உன் சோதனையில், ஆய்வகத்தில் வளர்த்த கிருமியோடு நோயாளியின் ரத்தத்தைக் கலக்கிறீர்கள். அந்த ரத்தம் கிருமியை அதன் மேல்சட்டையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும்; பிடித்தால் கிருமி திரளும், திரண்டால் நோய் உண்டு. உடம்புக்குள் அந்தச் சட்டை கிருமிக்குக் கவசம். ஆய்வகத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு, எதிர்க்க ஆளில்லை. சட்டை எதற்கு? சட்டை தைப்பதை விட்டவை வேலை மிச்சமாகி வேகமாகப் பெருகி, கடைசியில் அவை மட்டுமே மிஞ்சும்.

மூலக் கிருமி இரண்டு குப்பிகளில் சீல் வைத்து இருந்தது. திறந்தால் தீர்ந்துவிடும் என்று, முதலில் வளர்த்ததையே நீ வாராவாரம் குழாயிலிருந்து குழாய்க்கு மாற்றச் சொன்னாய். நாற்பது வாரம். முதல் பெஞ்சு நோட்டைப் பார்த்து இரண்டாவது பெஞ்சு எழுதும், அதைப் பார்த்து மூன்றாவது. கடைசி பெஞ்சில் தலைப்பு மட்டும் சரியாக இருக்கும். உன் குழாயிலும் லேபிள் மட்டும் சரியாக இருந்தது.

முப்பதாவது குழாயிலேயே 'சரியாகத் திரளவில்லை' என்று அவள் பதிவேட்டில் எழுதினாள். நீ வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டாய். நீ அவளை வெளியே அனுப்புவதற்கு முன், சந்தேகப்பட்டு மூலக் குப்பி ஒன்றையும், நாற்பதாவது குழாயையும், அந்தப் பதினோரு பேரின் ரத்தத்தையும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பத் தாள் நீட்டினாள். அதிலும் படிக்காமல் போட்டாய்.

எட்டு மாதம் கழித்து, போன வாரம்தான் முடிவு அவள் பெயருக்கு வந்தது. மூலக் கிருமி பதினோரு ரத்தத்திலும் திரண்டது. உன் நாற்பதாவது ஒன்றில்கூடத் திரளவில்லை.

"மாமாவாச்சேம்மா, விட்டுடு" என்றாள் என் மகள். அவளுக்கு இரக்கம் இருக்கிறது. எனக்கு ஓய்வூதியமும் நேரமும் இருக்கின்றன. அவள் எடுத்து வைத்திருந்த பதிவேட்டின் நகலையும் அந்த முடிவையும் விசாரணை அதிகாரிக்குத் திங்களன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நீ கேட்ட மன்னிப்புக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நானே எழுதினேன். அனுப்புநர் நீ, பெறுநர் என் மகளும் அந்த டிரைவரின் மனைவியும். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்த முறை படித்துவிட்டுப் போடு.

தப்பு செய்த பிள்ளைகளை நாற்பது முறை எழுதச் சொல்வேன். நீ என் தம்பி. ஒரு முறை போதும்.

நீண்ட ஆயுளோடு, கடைசிவரை ஞாபகசக்தி குறையாமல் நீ வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அக்கா