உள்பக்கத்துக்கு அம்மாவின் புடவை

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். மழை வருவதை மட்டும் முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உனக்கு இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் போனில் சொல்லாமல் நிதானமாக எழுதுகிறேன்.

அம்மாவின் அலமாரியைத் திறந்தாயிற்றா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வாய். திறந்துவிட்டேன்.

அம்மாவுக்கு ரவிக்கை தைப்பாரே, ராயப்பேட்டை அமீனா பீ, அவர் வீட்டு மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து, நடைபாதையில் தூங்குகிறவர்களுக்குப் படுக்கைப் பை தைக்கிறோம். துணியெல்லாம் கேட்டு வாங்கியது. தரை ஈரம் ஏறாமலிருக்க அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். பெரும்பாலும் நகைக்கடை விளம்பரம். நந்தனத்தில் ஒருவர் தினமும் வைர நெக்லஸ் மேல்தான் படுக்கிறார்! என் முதல் பையில் நான்கு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். "இன்னா சார், ஆள உள்ள வெச்சி பார்சல் பண்ணப் போறீங்களா?" என்றார் அமீனா பீ.

தி. நகர் கடைகள் தருவது புதுத்துணிதான், ஆனால் பாலியஸ்டர். வாத்தியார் புத்தி, ஓர் உதாரணம் சொல்கிறேன்: நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலிதீன் கவருக்குள் படுத்தால் எப்படி இருக்கும்? உள்பக்கத்துக்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திதான் வேண்டும். போன வாரம் அது தீர்ந்துபோனது. அன்றுதான் அலமாரியைத் திறந்து, அம்மா வீட்டில் உடுத்தும் சுங்குடிப் புடவைகளில் இரண்டை எடுத்துப்போய் ஒரு பைக்கு உள்பக்கமாகத் தைத்தேன்.

தைத்தவர் உள்ளே படுத்துப் பார்க்காமல் எந்தப் பையும் வெளியே போகக்கூடாது என்பது அமீனா பீயின் சட்டம். தையல் உறுத்துகிறதா, காலை நீட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். படுத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். அம்மா போனபிறகு அப்படித் தூங்கியதே இல்லை. விழித்தபோது எல்லா மிஷினும் நின்றிருந்தன. "சார் எழுந்துட்டாரு, ஓட்டுங்கடி" என்று அமீனா பீ குரல் கொடுத்தார்.

அந்தப் பையைக் கொடுக்க மனம் வரவில்லை. தையல் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து அதிலேயே படுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதற்குள் படுத்திருக்க முடியவில்லை. விடிந்ததும், பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்டோக்காரர் லாரன்ஸுடன், அந்தப் பையை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

லஸ்ஸில் மூடிய கடை ஒன்றின் வாசலில் ஓர் அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். உன் அம்மா வயதுதான் இருக்கும். பைக்குள் கையை விட்டுத் தடவினார். "யார் பொடவை சார் இது?" என்றார். என் வீட்டுக்காரியுடையது என்றேன். "அவங்க தேட மாட்டாங்களா?" என்று கேட்டார். பையின் வாயை விரித்துப் பிடித்தேன். கால் நீட்டிப் படுத்துப் பாருங்கள், தையல் உறுத்தினால் சொல்லுங்கள் என்றேன். படுத்தார். உறுத்தவில்லை என்று தலையசைத்தார்.

மற்றப் புடவைகளையும் இனிக் கொடுத்துவிடுவேன். உனக்குப் பிடித்த மாம்பழ நிறத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன். அலமாரியில் இரண்டு தட்டு காலியாகிவிடும். அடுத்த முறை வரும்போது துணிகளைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளாதே அம்மா. அங்கே அடுக்கிக்கொள்ளலாம்.

நன்றாகத் தூங்கு, கண்ணு.

உன் அப்பா,
வெள்ளைச்சாமி